உ.வே.சாமிநாதையரின் வழிகாட்டிகள்: ஒரு தொழில் வாழ்க்கை உருவான வரலாறு

உ.வே.சாமிநாதையர் (19 பிப்ரவரி 1855 – 28 ஏப்ரல் 1942) சீவக சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து ஒப்பிட்டு ஆராய்ந்து பதிப்பித்தவர். அவருடைய உழைப்பும் பொறுமையும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அந்த உழைப்பு எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்ததில் வேறு சிலருக்கும் பங்கு உண்டு. பாடம் சொன்னவர் ஒருவர். ஆசிரியர் மறைந்தபின் தங்க இடம் கொடுத்து மேலும் படிக்க வைத்தவர் ஒருவர். தாம் இருந்த வேலையிலேயே அவரை அமர்த்தியவர் ஒருவர். அவர் படித்தவை போதாது என்று காட்டியவர் ஒருவர். நால்வரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் சாமிநாதையரின் வாழ்க்கை வேறு விதமாகவே அமைந்திருக்கும்.

ஒருவரின் தொழில் வாழ்க்கையில் மூத்தவர்களின் வழிகாட்டல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிய இந்த வரலாறு உதவும். சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றியும் தம்மைப் பற்றியும் விரிவாக எழுதியிருப்பதால், 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியின் நடைமுறைகள் நுணுக்கமாகத் தெரியவருகின்றன.

பின்புலம்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் படிப்பதற்கென்று ஒழுங்கான பாடத்திட்டமோ பட்டமோ இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் எண்ணும் சில நீதி நூல்களும் கற்பிக்கப்பட்டன. அதற்குமேல் படிக்க விரும்பியவர் ஒரு வித்துவானைத் தேடிச் சென்று, அவருடன் தங்கி, அவருக்கு நேரம் கிடைக்கும்போது பாடம் கேட்க வேண்டும். வித்துவான்கள் மடங்கள், ஜமீன்கள், வசதி படைத்த குடும்பங்கள் ஆகியவற்றின் ஆதரவில் வாழ்ந்தார்கள். மாதச் சம்பளம் பெறும் தமிழ்ப் பண்டிதர் வேலை அரசுக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் சிறிய அளவில் அப்போதுதான் தோன்றியிருந்தது.

சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இசைப் பயிற்சி உடையவர், இராமாயண கதாப்பிரசங்கம் செய்து வாழ்ந்தவர். மகனும் இசையில் தேற வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆனால் மகனின் நாட்டம் தமிழ் நூல்களின் பக்கம் சென்றது. தந்தை அதைத் தடுக்கவில்லை. நல்ல தமிழாசிரியர் இருக்கும் ஊர் எது என்று கேட்டறிந்து, குடும்பத்துடன் அங்கே சென்று தங்கினார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனப் பலரிடம் பாடம் நடந்தது.

ரெட்டியார் யாப்பிலக்கணத்தில் வல்லவர். தம்மிடம் உள்ளதைக் கற்பித்தபின், இனித் தம்மிடம் பெறுவதற்கு அதிகம் இல்லை என்று உணர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதே தக்கது என்று எடுத்துச் சொன்னார். மாணவனைத் தம்முடனேயே வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருந்திருந்தால் அடுத்து நடந்தவை நடந்திரா. தம் எல்லையை அறிந்து மாணவனை மேலானவரிடம் அனுப்பியது, அவர் நடத்திய பாடங்களுக்கு எவ்வகையிலும் குறைந்த உதவி அல்ல.

மாயூரத்தில் மாணவர் வாழ்க்கை

மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 – 1876) திருவாவடுதுறை ஆதீன வித்துவான். தலபுராணங்கள், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கோவைகள் எனப் பெருந்தொகையான நூல்களை இயற்றியவர். அவர் கல்வி பெற்ற விதம் எளிதானதல்ல. இளமையில் திருச்சிராப்பள்ளியில், தண்டியலங்காரம் அறிந்த ஒரு பரதேசி பிச்சையெடுத்து வந்தார். பிள்ளை அவர் பின்னாலேயே அலைந்து, அவருக்கு வேண்டியவற்றைச் செய்து கொடுத்து, சிறிது சிறிதாக அந்த நூலைப் பாடம் கேட்டார். இப்படித் தேடித் தேடிப் படித்தவர், தம்மைத் தேடி வந்தவர்களுக்குப் பாடம் சொல்லத் தயங்கியதில்லை. தம் மாணவர்களுக்கு உணவும் இடமும் கிடைக்க ஏற்பாடு செய்வதையும் தம் கடமையாகவே கொண்டார்.

1871-இல், 17-ஆம் வயது நடக்கும்போது, சாமிநாதையர் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்தார். பிள்ளை உடனே இசையவில்லை. பலர் வருகிறார்கள், சில காலம் படிக்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள் என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. மகன் விட்டுப் போகமாட்டான் என்று தந்தை உறுதி கூறியபின் ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்று வைக்கப்பட்டிருந்த பெயரை விட்டு, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரையே வைத்துக்கொள்ளச் செய்தவரும் பிள்ளைதான்.

தொடக்கத்தில் சில பாடங்களைச் சொல்லும் பொறுப்பு சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் விடப்பட்டது. அவர் கிறிஸ்தவர். பிள்ளையின் மாணவர் கூட்டத்தில் சமய வேறுபாடு பாடத்திற்குத் தடையாக இருக்கவில்லை. மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது அக்காலக் கல்வியின் இயல்பான பகுதி. சொல்லிக்கொடுப்பவரின் அறிவும் அதனால் உறுதிப்பட்டது.

பிள்ளையின் பாடமுறையில் விளக்கவுரை குறைவு, பயிற்சி அதிகம். ஒரு நூலை எடுத்தால் செய்யுள் செய்யுளாக வேகமாகச் செல்லும். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. பிற்காலத்தில் கம்பராமாயணமும் பெரியபுராணமும் பாடமாயின. இதைவிட முக்கியமானது ஆசிரியர் வேலை செய்வதை அருகிலிருந்து காண்பது. பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், ஒருவர் ஏட்டில் எழுதுவார். திருப்பெருந்துறைப் புராணம், அம்பர்ப் புராணம் முதலியவை உருவான காலத்தில் சாமிநாதையர் உடனிருந்தார். ஒரு செய்யுள் மனத்தில் எப்படி அமைகிறது, ஒரு சொல் எங்கே மாற்றப்படுகிறது, ஏடு எழுதுபவர் எந்த இடத்தில் தவறுவார் என்பவற்றை எந்த நூலும் கற்பிக்காது. பின்னாளில் சுவடிகளில் ஏடு எழுதியவர்களின் பிழைகளைக் கண்டறிந்து திருத்திய பதிப்பாசிரியருக்கு இந்த அனுபவம் பெரிய முதலீடு.

வழிகாட்டலின் விலை

இந்த உறவில் இழப்பும் இருந்தது. மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்தார். தந்தையின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் இசை கற்கத் தொடங்கினார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கியக் கல்வி தளரும் என்பது அவர் எண்ணம். சாமிநாதையர் இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். இளையவர் ஒருவர் மூத்தவரின் நிழலில் வளரும்போது, மூத்தவரின் விருப்பு வெறுப்புகளும் அவர் வாழ்க்கைக்குள் நுழைந்துவிடுகின்றன. எனினும் செய்யுளை இசையோடு படிக்கும் திறன் சாமிநாதையரிடம் கடைசிவரை இருந்தது.

இன்னொரு குறை பெரியது. பிள்ளை தந்த கல்வி மிக விரிவானது, ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. பிற்காலப் பிரபந்தங்களும் புராணங்களுமே அதன் மையம். சங்க நூல்களும் பழைய காப்பியங்களும் அக்காலப் பாடமுறையில் வழக்கொழிந்திருந்தன. இது பிள்ளையின் தனிப்பட்ட குறை அல்ல. அவருக்குப் பாடம் சொன்னவர்களிடமும் அவை இருக்கவில்லை. எவ்வளவு பெரிய ஆசிரியராக இருந்தாலும் தமக்குக் கிடைத்ததைத்தான் கொடுக்க முடியும்.

பொருள் நிலையிலும் பிள்ளையால் மாணவருக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. அவ்வளவு நூல்களை இயற்றியவர் பணமுடையிலேயே வாழ்ந்தார். 1 பிப்ரவரி 1876 அன்று அவர் மறைந்தபோது சாமிநாதையருக்கு வயது ஏறக்குறைய 21. படிப்பு இருந்தது, பிழைப்புக்கு வழி இல்லை.

சுப்பிரமணிய தேசிகர்

அந்த இடைவெளியில் துணை நின்றவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். அவரே தமிழும் வடமொழியும் இசையும் அறிந்தவர். சாமிநாதையரை மடத்திலேயே தங்கச் செய்து, இலக்கண நூல்களைத் தாமே பாடம் சொன்னார். மடத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். மடத்திற்கு வரும் வித்துவான்கள், செல்வர்கள், அதிகாரிகள் முன்னிலையில் அவரைப் பேசவும் செய்யுள் சொல்லவும் வைத்தார்.

இது கல்வியின் அடுத்த கட்டம். மாணவராக இருந்தவர் ஆசிரியராக மாறினார். தெரியாதவர்கள் கூடிய அவையில் அஞ்சாமல் பேசப் பழகினார். அவருடைய பெயர் பலருக்குத் தெரிந்தது. தஞ்சை வட்டாரத்தில் எந்தச் சுவடி யாரிடம் இருக்கும், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்ற அறிமுகம் இந்தக் காலத்துப் பழக்கங்களால் வளர்ந்தது. பிற்காலத்தில் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது ஆதீனத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு பல வீடுகளின் கதவுகளைத் திறந்தது.

தியாகராச செட்டியார்

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் பூவாளூர் தியாகராச செட்டியார் (1826 – 1888). இவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், சாமிநாதையருக்கு ஒரு தலைமுறை மூத்தவர். கண்டிப்பும் வெளிப்படையான பேச்சும் உடையவர் என்று பெயர் பெற்றவர். உடல்நலம் குன்றியதால் அவர் ஓய்வு பெற விரும்பினார். அந்த இடத்திற்குத் தம் ஆசிரியரின் கடைசிக் கால மாணவரே வர வேண்டும் என்று முடிவு செய்தார்.

அவர் செய்தது வெறும் பரிந்துரை அல்ல. திருவாவடுதுறைக்கு நேரில் வந்து சுப்பிரமணிய தேசிகரிடம் பேசினார். மடத்தில் பாடம் சொல்லும் நல்ல வித்துவானை இழக்க தேசிகருக்கு மனமில்லை. மடத்தின் தேவையைவிட இளைஞரின் எதிர்காலம் முக்கியம் என்பதைச் செட்டியார் உணர்த்த, தேசிகர் விடைகொடுத்தார். தன்னிடம் உள்ள திறமையானவரை வேறிடம் போக விடுவது எந்த நிறுவனத் தலைவருக்கும் கடினமான செயல். தேசிகர் அதைச் செய்தார். கல்லூரிக்கு அனுப்பியபின்னும் சாமிநாதையருக்கும் மடத்துக்கும் இருந்த உறவு அறுபடவில்லை.

1880 பிப்ரவரியில் செட்டியார் சாமிநாதையரைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று, முதல்வர் கோபாலராவுக்கும் பிற ஆசிரியர்களுக்கும் அறிமுகப்படுத்தினார். அவருடைய தமிழறிவு அங்கே சோதிக்கப்பட்டது. அந்த இடத்திலேயே செய்யுள் இயற்றவும் வேண்டியிருந்தது. செட்டியாரின் வாக்குக்கு மதிப்பு இருந்தது, ஆனால் வேலை அந்த வாக்கினால் மட்டும் கிடைக்கவில்லை. தேர்வில் வென்றவர் சாமிநாதையர். தேர்வு நடக்கும் அறைவரை கொண்டு சேர்த்தவர் செட்டியார். மாதச் சம்பளம் 50 ரூபாய்.

புரவலரை நம்பி வாழ்ந்த வித்துவான் மரபிலிருந்து சம்பளம் பெறும் கல்லூரி ஆசிரியர் என்ற புதிய தொழிலுக்குள் சாமிநாதையர் நுழைந்தது இப்படித்தான். நிலையான வருமானம் இல்லாமல், எந்தப் பலனும் உறுதியில்லாத பதிப்புப் பணியில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டிருக்க முடியாது.

சேலம் இராமசுவாமி முதலியார்

கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டு, 21 அக்டோபர் 1880 அன்று, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று சாமிநாதையர் நீண்ட பட்டியல் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் வியந்திருப்பார்கள். முதலியார் வியக்கவில்லை. அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். சாமிநாதையர் அவற்றைப் பாடம் கேட்டதில்லை.

முதலியார் தமிழாசிரியர் அல்லர், நீதித்துறை அலுவலர். சாமிநாதையரைவிட அதிகமாகத் தமிழ் படித்தவர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர் வெளியிலிருந்து பார்த்தார். ஒரு மரபுக்குள் வளர்ந்தவர்களுக்குக் கண்ணில் படாத இடைவெளி அவருக்குத் தெரிந்தது. பின்னர் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து, இருவரும் சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தார். இத்தனை ஆண்டுகள் படித்தும் ஒரு பழைய காப்பியத்தின் பொருள் தமக்கு விளங்கவில்லை என்பதைச் சாமிநாதையர் அப்போதுதான் உணர்ந்தார்.

அதன்பின் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. சிந்தாமணி சமண காப்பியம். சமணக் கோட்பாடுகளை அறியாமல் அதன் உரையைப் புரிந்துகொள்ள இயலாது. சைவ மடத்தில் பயின்ற, கல்லூரி ஆசிரியர் பதவியில் இருந்த சாமிநாதையர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குச் சென்று சந்தேகம் கேட்டார். நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சொல்லாமல் காட்டப்பட்ட மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் அவரைச் சங்க நூல்களின் சுவடிகளிடம் கொண்டு சேர்த்தது. அவற்றுள் சில திருவாவடுதுறை மடத்திலேயே இருந்தன. மடத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் அவற்றைப் பற்றிக் கேட்பதற்கு ஆளில்லை. ஒரு முன்சீபின் கேள்விக்குப் பிறகே அவை அவருக்குப் பொருளுடையவையாயின.

1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சீவக சிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. தியாகராச செட்டியாரும் சுப்பிரமணிய தேசிகரும் 1888-இல் மறைந்தார்கள். தாங்கள் ஆதரித்த இளைஞரின் முதல் பெரும் பதிப்பு வெளிவந்தபோது இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

அடுத்த தலைமுறை

சாமிநாதையர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1919-இல் ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களும் பதிப்புப் பணியில் உதவியவர்களும் பலர். அவர்களுள் கி.வா.ஜகந்நாதன் குறிப்பிடத்தக்கவர். அவர் சாமிநாதையரின் இறுதிக் காலம்வரை உடனிருந்து சுவடி ஒப்புநோக்குதல், குறிப்பெடுத்தல், எழுதுதல் ஆகிய பணிகளைச் செய்தார். மாயூரத்தில் சாமிநாதையர் தம் ஆசிரியருக்குச் செய்த அதே பணி. 'கலைமகள்' இதழின் ஆசிரியராகக் கி.வா.ஜகந்நாதன் விளங்கியதற்கு இந்தப் பயிற்சி அடித்தளமாக இருந்தது. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' முற்றுப்பெறாமல் நின்றபோது, அதற்குப் பிற்பட்ட வாழ்க்கையை 'என் ஆசிரியப்பிரான்' என்ற நூலாக எழுதியவரும் அவரே.

மதிப்பீடு

இன்றைய அலுவலக உலகில் பயிற்சி அளிப்பவர், வழிகாட்டுபவர், பரிந்துரைத்து வாய்ப்புப் பெற்றுத் தருபவர் என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். சாமிநாதையரின் வாழ்க்கையில் இந்தப் பிரிவுகள் தெளிவாகவே தெரிகின்றன. மீனாட்சிசுந்தரம் பிள்ளை தொழிலைக் கற்பித்தார். தேசிகர் நின்று வளர இடம் தந்தார். செட்டியார் தம் பெயரைப் பணயம் வைத்து வேலை பெற்றுத் தந்தார். முதலியார் குறையைச் சுட்டிக்காட்டினார். எல்லாவற்றையும் ஒரே குருவிடம் எதிர்பார்ப்பது இயலாதது என்பது இதிலிருந்து விளங்குகிறது. இவர்களுள் மிகப் பெரிய புலவரான பிள்ளையால் ஒரு வேலை வாங்கித் தர முடியவில்லை. தமிழைத் தொழிலாகக் கொள்ளாத முதலியாரால் ஒரு வாழ்நாள் பணியைக் காட்ட முடிந்தது.

வரிசையும் முக்கியமானது. 17-ஆம் வயதில் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியால் பயன் விளைந்திருக்காது. பத்தாண்டுப் பயிற்சியும் நிலையான வருமானமும் இருந்ததால்தான் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டு செயல்பட முடிந்தது. குறையைச் சுட்டிக்காட்டுபவர் பயன்படுவதற்கு, அதற்கு முன் கற்பித்தவர்களும் ஆதரித்தவர்களும் தேவை.

இந்த முறை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வருமானம் இல்லாமல் ஆசிரியருடன் தங்க முடிந்தவர்களுக்கே இது கிடைத்தது. மகனின் படிப்புக்காக ஊர் மாறிக்கொண்டே இருந்த ஒரு தந்தை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெண்களுக்கு இந்த வட்டத்தில் இடமே இல்லை. பிள்ளையிடம் பயின்ற பலருள் கல்லூரிப் பணி பெற்றவர்கள் மிகச் சிலர். தனிமனிதர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய வழிகாட்டல் முறை அந்த நல்லெண்ணம் சென்று சேராதவர்களை விட்டுவிடுகிறது.

சாமிநாதையர் பெற்ற உதவிகளை மறைக்கவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். தியாகராச செட்டியாரின் வாழ்க்கையையும் தனி நூலாக எழுதினார். சென்னை திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் தம் பெயரையோ தம் குடும்பத்தார் பெயரையோ வைக்கவில்லை. தமக்கு வேலை வாங்கித் தந்தவரின் நினைவாக 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார்.